சுழி பார்த்த கைகள்

சித்திரை மாதத்தில் மாரியம்மன் தேர்த்திருவிழாவை ஒட்டி, வெள்ளகோயிலை அடுத்த கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தையில் சிறிது நேரம் பொறுமையாக நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். தலையில் உருமால் கட்டிய முதிய தரகர் ஒருவர், கயிற்றைப் பிடித்து நிற்கும் குடியானவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் காளையை ஒருமுறை சுற்றி வந்து, வாயைத் திறந்து பல்லை எண்ணி, திமிலை உள்ளங்கையால் அழுத்தி, பிறகு நெற்றியிலும் முதுகிலும் விலாவிலும் உரோமம் சுழித்து நிற்கும் இடங்களை விரல் நுனியால் தேடிச் செல்வார். இன்ன சுழி இருந்தால் பட்டி பெருகும், இன்ன சுழி இருந்தால் வாங்கியவன் வீட்டில் பாடை கட்ட நேரும் என்று ஒரு முழு சாஸ்திரமே அவருடைய விரல்களில் குடியிருக்கிறது. அந்தப் பரீட்சை முடிந்த பின்னரே துண்டை விரித்துக் கைகளை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசும் சடங்கு தொடங்கும்.

பிறந்த உடம்பிலேயே அதன் எதிர்காலம் எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவனே புத்திசாலி என்னும் நம்பிக்கை அந்த விரல்களுக்கு உரியது. இன்று ஆய்வுக்கூடத்தில் மரபணுவைப் படிக்கும் விஞ்ஞானியைச் செலுத்துவதும் இதே நம்பிக்கைதான். உரோமச் சுழிக்கும் மாட்டின் குணத்துக்கும் காரண காரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை, மரபணுவுக்கும் உடம்புக்கும் அது உண்டு என்பதை நான் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அறியாமை. ஆயினும் எழுத்தைப் படிப்பது வேறு, படித்ததில் எது நல்லது, எது கழிக்கத்தக்கது என்று தீர்ப்பது வேறு. இந்த இரண்டாவது காரியத்தில் காங்கேயத்துக்கு நெடுங்கால அனுபவம் உண்டு. மனிதப் பரம்பரையையே திருத்தி எழுதலாம் என்று பேசப்படும் இக்காலத்தில், மாட்டுப் பரம்பரையைத் தன் கையால் திருத்திய ஒரு சீமையின் கதையைக் கேட்பது வீண் போகாது.

கொங்கு நாட்டின் இருபத்து நான்கு உள்நாடுகளுள் ஒன்றாகிய காங்கேய நாடு, வடக்கே நொய்யலுக்கும் தெற்கே அமராவதிக்கும் இடையே கிடக்கும் வறண்ட மேட்டு நிலம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையை நம்பி இங்கே நெல் விளைவிக்க முடியாது. ஆகவே இங்கிருந்த உழவர்கள் நிலத்தின் ஒரு பகுதியைக் கிளுவை முள்வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் இடையிடையே வெள்வேல மரங்களையும் வளரவிட்டுக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் காட்டை உண்டாக்கினார்கள். மழை தவறிய ஆண்டில் புல் காய்ந்து போனாலும் வெள்வேல மரத்தின் நெற்று உதிர்ந்து ஆடு மாடுகளுக்குத் தீனியாகும். பொதுவில் விடப்பட்ட புறம்போக்கு அன்று இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக, வேலி கட்டிய தோட்டத்தைப் போலப் பாதுகாக்கப்பட்ட புல்வெளி. வேலிக்குள் மேய்வது இன்னாருடைய மாடு என்று தெரியும். அதன் தாய் யார், அதைச் சினையாக்கிய காளை யார் என்பதும் தெரியும். பரம்பரைக் கணக்கு வைப்பதற்கு ஏட்டைவிட முதலில் வேண்டியது வேலி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த வேலிக்குள் மெல்ல மெல்ல உருவான இனத்தின் மாடுகளைக் கொங்குக் குடியானவர்கள் நிறத்தை வைத்தே மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று அழைத்தார்கள். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பல் படரும். காளையாக வளர்ந்தால் திமிலிலும் முன்கால் பின்கால் சப்பைகளிலும் கருமை ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்து எருது வெண்சாம்பலாகிவிடும். ஒரே உடம்பு, ஒரே பரம்பரை. ஆனால் உடம்பின் உள்ளே ஓடும் சுரப்பு மாறியதும் நிறமும் மாறுகிறது. பரம்பரையே விதி என்று எண்ணுபவர்களுக்கு இதைவிட எளிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இத்தனை பாடுபட்டு அவர்கள் தேடிய நல்ல மாடு எது என்றால், அதற்கு விடை கொரங்காட்டில் இல்லை, கிணற்றில் இருந்தது. கொங்குச் சீமையின் கிணறுகள் பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டப்பட்டவை. அவற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவிக்குப் பாண்டிநாட்டார் கமலை என்பார்கள். இங்கே அதற்குக் கவலை என்று பெயர். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் மண் பாதையில் இரண்டு எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்க, நீர் நிறைந்த சால் மேலேறி, தோல் தும்பியின் வழியாக வாய்க்காலில் கொட்டும். கொட்டியதும் அதே எருதுகள் திரும்பாமல் பின்னடி வைத்தே மேட்டுக்கு ஏறவேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இப்படி நூற்றுக்கணக்கான முறை. இதற்குக் கழுத்தில் பலம் மட்டும் போதாது. சிறிய, கெட்டியான குளம்பு வேண்டும். குறைந்த தீனியில் நெடுநேரம் உழைக்கும் தேகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னோக்கி நடக்கச் சம்மதிக்கும் புத்தி வேண்டும். பால் அவர்களுடைய கணக்கில் பின்வரிசையில் இருந்தது. காங்கேயம் பசு ஓர் ஈற்றில் சராசரியாக 500 முதல் 600 லிட்டர் அளவே கறக்கும். அதுவும் கன்றுக்குப் போக மிஞ்சியது. நல்ல எருதைப் பெற்றுக் கொடுத்தாளா என்பதே பசுவின் பெருமை.

இந்தத் தெரிவை ஒரு குடும்பத்தின் விரதமாக எடுத்து நடத்தியவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். அவர்களுள் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரும் பட்டி ஒன்றை வைத்து, பொலிகாளைகளைப் பொறுக்கியெடுத்து, வேண்டாதவற்றை ஒதுக்கி, காங்கேயம் இனம் இன்று நாம் அறியும் உருவத்தைப் பெறுவதற்கு முதன்மையான காரணமாக இருந்தார் என்பது கால்நடை நூல்கள் ஒருமுகமாகக் கூறும் செய்தி. பின்னோக்கி வளைந்து, வட்டத்தை முடிக்கப் போவதுபோல் நுனியில் நெருங்கும் அந்தக் கொம்பு, சிறிய காது, இறுகிய உடல், குட்டையான வலுவான கால் ஆகிய இவையெல்லாம் இயற்கை தந்த மூலப்பொருளின்மேல் மனிதக் கண் செதுக்கிய சிற்பம். சென்னை மாகாண அரசுக்காகக் கன் என்னும் அதிகாரி தென்னிந்திய மாடுகளைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டது 1909-இல். டென்மார்க் நாட்டு யோஹான்சன் 'ஜீன்' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியதும் அதே 1909-இல்தான். சொல் கோபன்ஹேகனில் பிறந்தபோது அதன் பொருள் பழையகோட்டைக் கொட்டிலில் தீனி தின்றுகொண்டிருந்தது.

மாட்டுக்குப் பட்டக்காரர்கள் செய்ததைப் பயிருக்குச் செய்ய ஒரு நிலையம் இதே கொங்கு நாட்டில் விரைவிலேயே எழுந்தது. 1912-இல் கோயமுத்தூரில் பார்பர் என்னும் ஆங்கிலேயத் தாவர நூலாரின் பொறுப்பில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அவரும் டி. எஸ். வெங்கடராமனும், தித்திப்பு மிகுந்த 'வெள்ளை' என்னும் நாட்டுக் கரும்பையும், கோயமுத்தூர் ஓடைக் கரைகளில் யாரும் சீந்தாமல் வளர்ந்துகிடந்த காட்டு நாணல் இனத்தையும் கலந்து, கோ 205 என்ற கரும்பை 1918-இல் வெளியிட்டார்கள். பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் தாங்கியது அது. கழிவென்று மாடுகூட மேயத் தயங்கும் புல்லின் இரத்தம் கலந்ததனாலன்றோ வட இந்தியாவின் சர்க்கரைத் தொழில் நிமிர்ந்தது! 1930-களில் அந்நிலையத்தில் பணிபுரிந்த தலைச்சேரி ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். பின்னர் இங்கிலாந்து சென்று டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945-இல் வெளியிட்ட பெருமாட்டி அவர். பயனற்றது என்று இன்று ஒதுக்கப்படும் ஒன்றில் நாளைய உணவு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அறிய நாம் வேறு ஊர் தேடிப் போகவேண்டியதில்லை.

இனிக் கிணற்றுக்குத் திரும்புவோம். 1932-இல் நீலகிரியின் பைக்காரா அருவி மின்சாரமாகிக் கோயமுத்தூர்ச் சமவெளிக்கு இறங்கியது. ஆலைகள் பெருகியதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கிணற்று மேட்டில் நிகழ்ந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கோயமுத்தூரிலேயே மோட்டார்களும் பம்புகளும் உற்பத்தியாகத் தொடங்கி, சில பதிற்றாண்டுகளில் அவை காட்டுக்குக் காடு பரவ, கவலை நின்றது. பின்னர் டிராக்டர் வந்து ஏரை நிறுத்தியது. லாரி வந்து பார வண்டியை நிறுத்தியது. எருதின் உடம்பில் ஓர் அணுவும் மாறவில்லை. அதே குளம்பு, அதே பலம், பின்னடி வைக்கும் அதே பணிவு. ஆனால் நேற்றுவரை குணம் என்று பெயர் பெற்றிருந்தவை அனைத்தும் இன்று வெறும் தீனிச் செலவாகிவிட்டன. நூற்றாண்டுகள் பாடுபட்டுச் செதுக்கிய இலட்சணத்தை ஒரு தலைமுறைக்குள் ஒரு கம்பி செல்லாக்காசாக்கிய இச்சம்பவம், பரம்பரையைத் திருத்த முனைகிற எவரும் இருமுறை படிக்கவேண்டிய பாடம் என்று கருதுகிறேன்.

அதன்பின் வந்தது சினை ஊசி. நாட்டு மாட்டுக்கும் சீமை மாட்டுக்கும் கலப்பு உண்டாக்கிப் பால் பெருக்கும் கொள்கையை அரசு மேற்கொள்ள, ஜெர்சிக் கலப்பு ஊர் ஊராகப் பரவியது. பொலிகாளையைத் தேடிப் பசுவை மூன்று மைல் நடத்திச் சென்ற காலம் போய், சூன்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் உறங்கும் விந்துக் குச்சியைக் குப்பியில் சுமந்துகொண்டு ஊசிக்காரர் மோட்டார் சைக்கிளில் கொட்டிலுக்கே வந்தார். கலப்பு மாடு காங்கேயம் பசுவைப்போல் சில மடங்கு கறந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வாரா வாரம் பணம் கிடைத்தது. அந்தப் பணத்தால் பல வீடுகளில் பிள்ளைகள் கல்லூரி சென்றார்கள். நாட்டு மாட்டின் நிமித்தம் இன்று உரக்க அழுகிறவர்கள் இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

இந்த உறைகுளிர் வித்தையின் வரலாற்றில் ஓர் அம்சத்தை இங்கே கவனிக்க வேண்டும். கிளிசரின் கலந்தால் விந்தணுவைக் கெடாமல் உறைய வைக்கலாம் என்று இங்கிலாந்தில் போல்ஜ் முதலியோர் கண்டது 1949-இல். முதலில் சேவல், அடுத்துக் காளை, 1950-களின் முற்பகுதி கழிவதற்குள் மனிதர். கொட்டிலில் பழகிய வித்தை பிரசவ அறைக்கு வந்துசேர ஐந்தாறு ஆண்டுகளே போதுமாக இருந்தன. இன்று கோயமுத்தூர் அவிநாசி சாலையில் போகிறவர்கள் காணும் கருத்தரிப்பு மருத்துவமனைப் பலகைகளுக்கு மாட்டுக் கொட்டில் மூத்த உறவு. ஆகையால், மாட்டுக்கு இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது மனிதனுக்கு அடுத்து என்ன நடக்கக்கூடும் என்று ஊகிப்பதற்கு மோசமான வழியன்று.

காளையின் விந்தணுக்களுள் பெண் கன்றைத் தருபவை ஆண் கன்றைத் தருபவற்றைவிட ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு மிகுதியான மரபுப் பொருளைச் சுமக்கின்றன. அந்த வேற்றுமையைக் கொண்டு அவற்றைப் பிரித்துவிடலாம். இவ்வாறு பிரித்த விந்துக் குச்சிகளை உதகமண்டலத்திலுள்ள அரசுப் பண்ணையே இப்போது உற்பத்தி செய்கிறது. உழவுக்கு வேண்டாத ஆண் கன்று பிறவாமலே போகும். இதே நாட்டில், இதே சட்டப் புத்தகத்தில், மனிதக் கருவின் பாலை அறிந்து தெரிந்தெடுப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்களைக் காப்பதற்கென்றே தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. கொட்டிலில் ஆண் வேண்டாம், வீட்டில் பெண் வேண்டாம். இரண்டையும் சொன்னது ஒரே நாக்கு, ஒரே வரவு செலவுக் கணக்கு. கருவி கிடைத்தால் நாம் எதைத் தெரிந்தெடுப்போம் என்பதைப் பற்றி ஊகம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறோம் என்பதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொம்பின் கதையும் விநோதமானது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் மரபணுவைத் திருத்திக் கொம்பில்லாத இரண்டு கறவையினக் காளைக் கன்றுகளை 2015-இல் பிறப்பித்தது. கொம்பைச் சுட்டு அகற்றும் கொடுமை ஒழியும் என்று எல்லாரும் பாராட்டினார்கள். 2019-இல் அந்நாட்டு அரசு நிபுணர்கள் அந்தக் காளைகளின் மரபேட்டை மீண்டும் படித்தபோது, திருத்தத்துக்குப் பயன்படுத்திய பாக்டீரியாவின் மரபுத் துண்டும் உள்ளே தங்கிவிட்டதைக் கண்டார்கள். பட்டிப் பொங்கலன்று கொம்பைச் சீவி வர்ணம் பூசும் காங்கேயத்தான் இச்செய்தியைக் கேட்டால் முதல் பாதிக்கே சிரித்திருப்பான்.

மரபணு, கடைவீதிப் பேச்சாகவும் ஆகிவிட்டது. பாலிலுள்ள ஒரு புரதத்தின் 67-ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் அமர்கிறது என்பதை வைத்து ஏ1, ஏ2 என்று பாலைப் பிரிக்கிறார்கள். திமில் மாடுகள் பெரும்பாலும் ஏ2 வகை. சிலருக்குச் செரிமானம் எளிதாகலாம் என்பதற்கு மேல் பெரிய ஆரோக்கிய மகிமைகள் நிரூபணமாகவில்லை. ஆயினும் இரட்டிப்பு விலைக்குப் பால் விற்கிறது. கழிந்துபோகவிருந்த காங்கேயம் பசு அந்த இரண்டெழுத்தால் சில கொட்டில்களில் மீண்டும் இடம் பிடித்திருக்கிறது. புதிய சுழி! 2017 தைமாதத்தில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களும் அப்படித்தான் காளைக்கு இடம் தேடித் தந்தார்கள்: அதையடுத்து இயற்றப்பட்ட சட்டத் திருத்தம் நாட்டு மாட்டினங்களின் பாதுகாப்பையும் காரணமாகச் சொன்னது, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கிணற்றுக்கு வேண்டியிருந்த காளை, அபிமானத்துக்கு வேண்டியதாயிற்று. காரணம் எதுவாயினும் காளை பிழைத்தால் சரி என்பது என் கட்சி.

இனி மனிதர். 1923 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் இளம் விஞ்ஞானி ஹால்டேன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மறு ஆண்டு 'டீடலஸ்' என்ற சிறு நூலாக வெளிவந்த அதில், தாய் வயிற்றுக்கு வெளியே முழுதும் வளர்ந்த முதல் குழந்தை 1951-இல் பிறக்கும் என்று கற்பனை செய்தார். 1951 வந்து போயிற்று. சோதனைக் குழாயில் கருவாகித் தாய் வயிற்றில் வளர்ந்த முதல் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் தம் முயற்சியில் ஒரு பெண் குழந்தையை உலகுக்குக் காட்டி, பாராட்டுக்குப் பதில் அவமதிப்பைப் பெற்றார். ஹால்டேனோ 1957-இல் இந்தியாவுக்கே குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவருடைய தீர்க்கதரிசனத்தைவிட, 1949-இல் அவர் சொன்ன ஓர் அடக்கமான ஊகமே என் மனத்தைக் கவர்கிறது: சில பரம்பரை இரத்த நோய்களின் மரபணு மலேரியாவிலிருந்து காப்பதனால் நிலைத்திருக்கலாம் என்பது அது. அரிவாள் செல் நோய்க்கு அது பொருந்துவதை 1954-இல் ஆலிசன் காட்டினார்.

அதற்கு ஈராண்டு முன்பே, 1952-இல், லேமன், கட்புஷ் ஆகிய இருவர் அந்த அரிவாள் வடிவ இரத்த அணுவை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் மலேரியாக் காட்டில் அது கவசம். இருவரிடமிருந்தும் வந்தால் தீராத வேதனை. மலையடிவாரத்தில் கொசு ஆண்ட காலத்தில் குணமாக இருந்தது, கொசு குறைந்தபின் குற்றமாகிவிட்டது. கவலை எருதின் கதையேதான். வேதனை மட்டும் மனிதனுடையது. 2023 நவம்பரில் பிரிட்டன் இந்நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சையை அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதே 2023-இல் இந்திய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கம் வேறு வழியில் செல்கிறது: பழங்குடிப் பகுதிகளில் கோடிக்கணக்கானோரின் இரத்தத்தைச் சோதித்து அட்டை கொடுக்கிறது, மணம் பேசுமுன் இரு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இது அந்நியமாக இராது. கொங்கில் கூட்டம் பார்ப்பார்கள்; ஒரே கூட்டத்தார் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். ஆனால் கூட்டக் கணக்கு தந்தை வழியை மட்டுமே எண்ணுகிறது. மரபணு தாய் வழியையும் சரிபாதி எண்ணுகிறது. ஆகவே பங்காளி வீட்டை அஞ்சி விலகியவர்கள் தாய்மாமன் வீட்டில் தயங்காமல் சம்பந்தம் செய்தார்கள். இன்னும் ஒரு தலைமுறையில், வசதியுள்ள வீடுகளில் மரபேட்டு அறிக்கையும் ஜாதகத்துடன் கைமாறும் என்று எதிர்பார்க்கிறேன்; கருவிலேயே நோயை விலக்கும் வசதி பெருகும்; அதன் பின்னாலேயே நிறம், உயரம், மதிப்பெண் ஆகியவற்றை விற்பவர்களும் வருவார்கள். 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் இரட்டைப் பெண் குழந்தைகளின் கருவையே திருத்திவிட்டுச் சிறை சென்றார். வேதனையை நீக்குவது வரையில் நான் அந்த வித்தையை வரவேற்கிறேன். 'நல்ல பிள்ளை' என்பதற்கு இலக்கணம் எழுதத் தொடங்கும்போதுதான், அந்த இலக்கணத்துக்குப் பின்னால் எந்தக் கிணறு இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்ற முறை கண்ணபுரத்தில், கால்நடை மருத்துவம் படிக்கும் இளைஞர் ஒருவர், சென்னைப் பக்கத்தவர், ஐதராபாத்தில் நாட்டு மாடுகளுக்கென 2021-இல் உருவாக்கிய 'இண்டிகவ்' என்னும் சில்லைப் பற்றி, 11,496 மரபுக் குறிகளை ஒரே சோதனையில் படித்துவிடும் அதன் திறமையைப் பற்றி, ஒரு முதிய தரகரிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். தரகர் காளையின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க தம்பி. கவலைக்குப் பூட்டினா இது பின்னடி வெக்குமா வெக்காதான்னு அந்தச் சீட்டுல போட்டிருக்குதுங்களா?"

"கவலையா? என்ன கவலை ஐயா?" என்றார் இளைஞர்.

தரகர் அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்து, எதிரே நின்ற குடியானவரின் கையை அதற்குள் இழுத்துக்கொண்டார்.